திருச்சி விமான நிலைய இ-கேட்: மதுரைப் பக்கத்துப் பயணிகள் பதிவு செய்யலாமா?

இங்கே மதிப்பிடுவது மத்திய உள்துறை அமைச்சகம் நடத்தும் விரைவு இமிக்ரேஷன் திட்டத்தை. சுருக்கமாக எஃப்டிஐ-டிடிபி. முன்கூட்டியே பதிவு செய்துகொண்ட பயணி, அதிகாரி உட்கார்ந்திருக்கும் கவுண்டர் வரிசையில் நிற்காமல், தானாகத் திறக்கும் இ-கேட் என்ற வாசல் வழியே நாட்டைவிட்டுப் போகலாம், திரும்பி வரலாம். 2024 ஜூன் 22 அன்று டெல்லி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் தொடங்கியது. 2025 ஜனவரியில் சென்னை, மும்பை, பெங்களூரு, ஐதராபாத், கொச்சி, கொல்கத்தா, அகமதாபாத் சேர்ந்தன. 2025 செப்டம்பர் 11 அன்று திருச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ் வந்தன. இந்த 13 இடங்களில் மதுரை இல்லை. பெருங்குடியில் உள்ள மதுரை விமான நிலையத்தில் கொழும்புக்கோ துபாய்க்கோ ஏறுகிறவர் வழக்கமான கவுண்டருக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் மதுரை, சிவகங்கை, திண்டுக்கல், ராமநாதபுரம் பக்கத்து மக்கள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போவது பெரும்பாலும் திருச்சி வழியாகத்தான். மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை தாண்டி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான சாலைப் பயணம். அதனால் இந்த வாசல் நமக்கும் உரியதே.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேகத்தில் குறை சொல்ல அதிகமில்லை. இந்தியக் குடிமக்களுக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரான ஓசிஐ அட்டைதாரர்களுக்கும் இலவசமாகவே தொடங்கினார்கள். ஆனால் நாம் கொடுப்பது முகமும் விரல் ரேகையும். அவற்றில் பிழை இருந்தால் திருத்தக் கேட்க நம் சட்டம் இடம் தருகிறது. வேலை முடிந்தது, அழித்துவிடுங்கள் என்று அரசைக் கேட்க இடம் தரவில்லை. ஆண்டுக்கு நான்கைந்து முறை வெளிநாடு போய்வரும் வியாபாரிக்கும், அங்கே வேலை பார்த்து அடிக்கடி ஊர் திரும்புகிறவருக்கும் பதிவு பயன் தரும். மகன் வீட்டுக்கு எப்போதோ ஒருமுறை போகும் பெற்றோருக்கு அவசியமில்லை. கவுண்டரில் போவதால் அவர்களுக்கு எந்த உரிமையும் குறையாது.

விண்ணப்பம்

உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும். முகவரி ஜிஓவி.இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரின் வருகை அட்டை இலவசம். அதற்கே பணம் பிடுங்கும் போலித் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கின்றன. இங்கும் அந்த எச்சரிக்கை வேண்டும்.

பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். வயது 12-க்குக் குறைந்தவர்களும் 80-ஐத் தாண்டியவர்களும் இதில் சேர முடியாது. வெள்ளைப் பின்னணியில் அண்மைப் புகைப்படம், பாஸ்போர்ட்டின் விவரப் பக்கங்கள், இப்போதைய முகவரிக்குச் சான்று ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். சரிபார்ப்பு முடிந்ததும் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வரும். அதன்பின் நேரம் குறித்துக்கொண்டு, வசதி உள்ள விமான நிலையத்திலோ வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திலோ ரேகையும் முகமும் பதிய வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன் இணைப்புக் கட்டடத்தில் இருக்கிறது. அதற்காக மட்டும் சென்னைக்குப் பஸ் ஏறுவது வீண். ஏதாவது பயணத்தை ஒட்டி விமான நிலையத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

தரவுப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் டெல்லியில் இருக்கும் சர்வரைப் பற்றியே பேசுகிறார்கள். நம் பக்கத்தில் முதல் கசிவு அதற்கு வெகு முன்னாலேயே நடந்துவிடுகிறது. பிரவுசிங் சென்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்கிறோம். கோப்பு அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தங்கிவிடுகிறது. கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினால் அவருடைய போனிலும் ஒரு நகல். விவரப் பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரி எழுத்துக்களில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி மூன்றும் உள்ளன. இப்போது வழங்கப்படும் சிப் வைத்த இ-பாஸ்போர்ட்டைத் திறக்கும் அடிப்படைச் சாவி அந்த மூன்றிலிருந்துதான் உருவாகிறது. அதனால் விவரப் பக்கத்தின் நகலைச் சாதாரணத் தாளாக நினைக்கக் கூடாது.

ஸ்கேன் முடிந்ததும் உங்கள் கண் முன்னால் கோப்பை அழிக்கச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னிலிருந்தும் போக வேண்டும். வாட்ஸ்அப் வெப்பில் நுழைந்திருந்தால் போனிலிருந்தே வெளியேறுங்கள். அதைவிட முக்கியம், விண்ணப்பத்தில் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். சில ஏஜென்ட்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் தங்கள் மின்னஞ்சலையே போட்டுவிடுகிறார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும், திருத்தம் கேட்டு வந்தாலும் செய்தி ஏஜென்டுக்குப் போகும். சம்பந்தப்பட்டவருக்குத் தெரியவே தெரியாது.

பெயர்

தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு இயந்திர வாசல்களில் வரும் சிக்கல்களில் பெரியது இது. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். கருப்பசாமி மகன் முத்துக்குமார், குடும்பப் பெயர்க் கட்டத்தில் கருப்பசாமி என்று போட்டால் விமானச் சீட்டில் அப்பா பெயர் முன்னால் வந்து நிற்கும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் வேறு தொல்லை. விமான நிறுவனத்தின் மென்பொருள் இரண்டு பெயர் கேட்கும். சீட்டு எடுப்பவர் ஒரே பெயரை இரண்டு முறை போடுவார். அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்து வரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டைச் சுற்றுலா, வருகை விசாக்களில் ஏற்பதில்லை. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் பிறகு தளர்வு தந்தார்கள்.

விவரப் பக்கத்தின் அடி வரியில் பெயருக்கு 39 இடம்தான். மீனாட்சிசுந்தரம் மகன் பாலசுப்பிரமணியன் போன்ற பெயர் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட அந்த எல்லையைத் தொட்டுவிடும். இன்னும் நீண்டால் வெட்டுப்படும். இ-கேட் முதலில் போர்டிங் பாஸைப் படிக்கிறது, அடுத்து பாஸ்போர்ட்டைப் படிக்கிறது. இரண்டிலும் பதிவிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். ஒரு ஹெச் கூடினாலும் குறைந்தாலும் சிக்கல் வரலாம். எனவே எங்கள் அறிவுரை: பதிவிலும் சீட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தை ஒன்றுவிடாமல் அப்படியே எழுதுங்கள். ஆதாரில் எப்படி, பள்ளிச் சான்றிதழில் எப்படி என்று பார்க்காதீர்கள். பாஸ்போர்ட்டிலேயே பெயர் கோணலாக இருந்தால், முதலில் மதுரை ரேஸ் கோர்ஸ் ரோடு பாஸ்போர்ட் சேவை மையத்தில் விவர மாற்றத்துடன் மறுவழங்கல் வாங்கிவிட்டுப் பிறகு இதில் சேருங்கள். தலைகீழாகச் செய்தால் இரட்டை வேலை.

விரலும் முகமும்

ரேகை படிக்கும் கருவியில், கண்ணாடியில் படும் மேடுகளுக்கும் படாத பள்ளங்களுக்கும் உள்ள வேறுபாடுதான் படமாகிறது. தோல் வறண்டிருந்தால் மேட்டுக்கோடு துண்டு துண்டாகத் தெரியும். வியர்த்திருந்தால் பள்ளம் நிறைந்து எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். சிமென்ட் வேலை, கல் உடைப்பு, சுங்குடிச் சாயப் பட்டறை, தீப்பெட்டி ஆலை, வயல் வேலை இவற்றில் இருப்பவர்களுக்கு ரேகை தேய்ந்திருப்பது இயல்பு. ரேஷன் கடையில் விரல் விழாமல் அலைந்தவர்களுக்கு இது புதிதில்லை. பதிவுக்குச் சில நாள் முன்பிருந்து இரவில் கைக்குக் கிரீம் தடவுங்கள். அன்றைக்குச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு போங்கள். காய்ந்த வெட்டுக்காயம், புதிதாக வைத்த மருதாணி இருந்தால் தள்ளிப்போடுங்கள். விரலை அழுத்திக் குத்தக் கூடாது. நகத்துக்குக் கீழுள்ள சதை முழுவதும் தட்டையாகப் படிய வேண்டும். பதிவின்போது ரேகை மங்கலாக ஏறிவிட்டால் பின்னால் ஒவ்வொரு பயணத்திலும் வாசல் திறக்கத் தயங்கும். மறுபடி எடுக்கச் சொல்லி அப்போதே கேட்பது உங்கள் உரிமை. பின்னால் வரிசை நிற்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

முகத்துக்கு வருவோம். இ-கேட் செய்வது ஒருவருக்கு ஒருவர் ஒப்பீடு: நிற்பவரின் முகமும் பதிவில் உள்ள முகமும் ஒன்றா என்று மட்டும் பார்ப்பது. கூட்டத்தில் யார் யார் என்று தேடும் கேமராவைவிட இது எவ்வளவோ மேல். சபரிமலைக்கு மாலை போட்டு வளர்த்த தாடியாலோ முடியிறக்கிய தலையாலோ பெரும்பாலும் தடை வராது. ஒப்பீடு கண், மூக்கு, வாய்க்கு இடையே உள்ள அமைப்பை வைத்துத்தான் நடக்கிறது. கண் அறுவைக்குப் பின் போடும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியாக வேண்டும்.

ஆனால் முக ஒப்பீட்டு மென்பொருள் எல்லா முகத்துக்கும் ஒரே தரத்தில் இயங்குவதில்லை. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் ஒருவரை இன்னொருவராகத் தவறாக ஏற்கும் விகிதம் வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும்கூட அந்தத் தவறு கூடுதலாகவே வந்தது. இந்தியாவில் உருவான மென்பொருள்களில் இந்த வேறுபாடு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம் எனச் சிலர் சொல்வதுண்டு. எதிர்பார்ப்பு போதாது. எந்த மென்பொருள், எந்த முகங்களை வைத்துச் சோதித்தார்கள், நூற்றுக்கு எத்தனை பேரைத் தவறாக நிறுத்துகிறது என்பதை விமான நிலைய வாரியாக வெளியிட வேண்டும். ஒரு கணக்குக்காகச் சொன்னால், நூற்றுக்கு ஒருவரைத் தவறாகத் தடுக்கும் வாசல்கூட 180 பேர் வரும் விமானத்தில் இரண்டு பேரை ஓரமாக நிற்க வைக்கும்.

வாசலில்

முறை எளிது. போர்டிங் பாஸைக் காட்டு, பாஸ்போர்ட்டை விரித்து வை, முகமும் விரலும் சரிபார், கதவு திறக்கும். கதவு திறந்தால் இமிக்ரேஷன் அனுமதி கிடைத்ததாகக் கணக்கு. பாஸ்போர்ட் உறையைக் கழற்றிவிடுங்கள். உறையின் பிளாஸ்டிக் பளபளப்பில் அடி வரி படிக்காது. போனில் போர்டிங் பாஸ் என்றால் திரை வெளிச்சத்தைக் கூட்டுங்கள். விரிசல் விழுந்த திரை என்றால் காகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் மறுத்தால் பதறத் தேவையில்லை. அதிகாரியிடம் போக வேண்டும், அவ்வளவுதான். இயந்திரம் மறுத்ததே சந்தேகத்துக்குக் காரணம் என்று யாரும் நடத்தக் கூடாது. இந்த இடத்தில்தான் சேவையின் மரியாதை தெரியும். கவுண்டர்களைக் குறைத்து, ஆள் போடாமல், வரிசையை வேண்டுமென்றே நீளவிட்டால், விருப்பத்தின் பேரில் என்று சொல்லப்படும் பதிவு கட்டாயமாக மாறிவிடும். வாசல் எத்தனை வந்தாலும் கவுண்டரில் ஆள் குறையக் கூடாது என்பதே இந்த மதிப்பீட்டில் நாங்கள் வைக்கும் முதல் கோரிக்கை.

கொடுத்த ரேகை எங்கே, எவ்வளவு காலம்

பதிவு அதிகபட்சம் 5 ஆண்டு, அல்லது பாஸ்போர்ட் காலாவதியாகும் வரை, எது முந்தியோ அதுவரை செல்லும். அது பதிவின் ஆயுள். தரவின் ஆயுள் வேறு. பாஸ்வேர்டு போனால் வேறு வைக்கலாம். கட்டைவிரல் போனால் வேறு கிடையாது. அதனால்தான் இந்தக் கேள்வியில் நேரம் செலவழிக்கிறோம்.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை அந்தத் தேவையின் அளவைத் தாண்டக் கூடாது என்று சொன்னது. எல்லையில் ஆளை அடையாளம் காண்பது நியாயமான தேவை, அதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. போலி பாஸ்போர்ட்டும் ஆள் கடத்தலும் உண்மையான தீமைகள். அளவு என்ற மூன்றாவது நிபந்தனையில்தான் குறை.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும். அப்போதும் 17-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். அதன் 4-ஆம் உட்பிரிவின்படி, நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் என்ற கடமையும், அழிக்கக் கேட்கும் குடிமகனின் உரிமையும் அரசு கையாளும் தரவுக்குப் பொருந்தாது. திருத்தக் கேட்கும் உரிமை மட்டும், அந்தத் தரவை வைத்து நம்மைப் பாதிக்கும் முடிவு எடுக்கப்படுமானால், மிஞ்சுகிறது. இமிக்ரேஷன் அப்படிப்பட்ட முடிவுதான். நாட்டின் பாதுகாப்பு காரணமாக ஒரு அரசு அமைப்பை மொத்தச் சட்டத்திலிருந்தே விலக்கி அறிவிக்கவும் அதே 17-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே இன்று பதிவு செய்கிறவர், பதிவு முடிந்தபின் ரேகை எப்போது அழியும் என்று சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாத நிலையில் பதிவு செய்கிறார். இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுவது வேறு, தெரியாமல் இடுவது வேறு.

ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் குறை இன்னும் தெளிவாகும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளின் நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கியது. இதில் சேர்ந்தவை 29 நாடுகள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக இதுதான். பயணி வெளியேறிய நாளிலிருந்து 3 ஆண்டு, வெளியேறிய பதிவு இல்லையென்றால் 5 ஆண்டு என்று கால அளவு சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நம்மவர்கள் விசாவோடு போவதால் விரல் ரேகை விசா தகவல் அமைப்பில் முன்பே இருக்கும். எல்லையில் முகம் மட்டும் எடுப்பார்கள். 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ரேகை கிடையாது. தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கவும், திருத்தவும், சட்டவிரோதமாக வைத்திருந்தால் அழிக்கவும் வெளிநாட்டவரும் கேட்கலாம். நுழைவை மறுத்தால் காரணம் எழுதிய படிவம் தர வேண்டும், மேல்முறையீடு உண்டு. மதுரையிலிருந்து போகும் ஒருவருக்கு பாரிஸில் கிடைக்கும் இந்தக் கால வரம்பு திருச்சியில் கிடைக்கவில்லை என்பது வருத்தம் தருகிறது.

அமெரிக்கா எதிர்த் திசையில் இருக்கிறது. 2025 டிசம்பர் 26 முதல் குடிமகன் அல்லாத எல்லோரையும் வரும்போதும் போகும்போதும் படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தை 75 ஆண்டு வரை வைக்கலாம். அங்கேயே 2019-இல் ஒரு ஒப்பந்த நிறுவனம் தன் சொந்த நெட்வொர்க்குக்கு நகலெடுத்து வைத்திருந்த சுமார் 1,84,000 பயணி முகப்படங்கள் ஹேக்கர்கள் கைக்குப் போயின. அரசின் சர்வர் எத்தனை பத்திரமாக இருந்தாலும் கருவியை விற்றவர், பராமரிப்பவர், ஒப்பந்தக்காரர் என்று சங்கிலி நீள்கிறது. நம் திட்டத்திலும் அந்தச் சங்கிலியில் யார் யார் என்று பகிரங்கமாகச் சொல்லப்பட வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். திருச்சி இ-கேட் தொடங்கிய அதே விழாவில், பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் வழங்கும்போதே இந்தப் பதிவையும் செய்துவிடும் வசதி வர வேண்டும் என்று உள்துறை அமைச்சர் கூறினார். பயணிக்கு அலைச்சல் குறையும், சரி. ஆனால் பாஸ்போர்ட் சேவை மையத்தில் ஏ கவுண்டரில் தனியார் நிறுவன ஊழியர் ரேகையும் படமும் எடுக்கும்போது, எதற்கு என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. பாஸ்போர்ட்டுக்கு எடுக்கும் ரேகை வேறு நோக்கம், இ-கேட்டுக்கு வேறு நோக்கம். இரண்டுக்கும் தனித்தனியே, தமிழில் அச்சிட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். மறுத்தால் பாஸ்போர்ட் நிற்காது என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும்.

டிஜி யாத்ராவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

டிஜி யாத்ரா என்பது முகத்தைக் காட்டி விமான நிலையத்துக்குள் நுழையும் வசதி. இது உள்நாட்டுப் பயணத்துக்கானது, இமிக்ரேஷனுக்குச் சம்பந்தமில்லை. 2022 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. சென்னையிலும் கோவையிலும் உண்டு. நடத்துவது டிஜி யாத்ரா அறக்கட்டளை என்ற லாப நோக்கற்ற நிறுவனம். அதில் விமான நிலைய ஆணையத்துக்கு 26 சதவீதம், மீதி ஐந்து விமான நிலைய நிறுவனங்களுக்கு. முக விவரம் போனிலேயே இருக்கும், விமான நிலையத்துக்குப் போனது புறப்பட்ட 24 மணி நேரத்தில் அழியும் என்று உறுதி தருகிறார்கள். இந்த வடிவமைப்பு பாராட்டத்தக்கது. நுழைவாயிலில் ஊழியர் ஒப்புதல் கேட்காமலே முகத்தைக் கேமராவுக்குக் காட்டச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லி அடையாள அட்டையைக் காட்டிப் போகலாம்.

பதிவு செய்யாவிட்டாலும் போகும் தரவு

இ-கேட் வேண்டாம் என்று ஒதுங்கினாலும் விமானச் சீட்டு விவரம் போய்விடுகிறது. 2022 ஆகஸ்டில் வந்த சுங்கத் துறை விதிகளின்படி, சர்வதேச விமான நிறுவனங்கள் பயணி முன்பதிவு விவரங்களைப் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பாகவே சுங்கத் துறையின் தேசிய மையத்துக்குத் தர வேண்டும். பெயர், தொடர்பு விவரம், பணம் கட்டிய விதம், பயண வழி, ஏஜென்சி, பெட்டி விவரம் என 19 வகை. 5 ஆண்டு வரை வைத்து, பிறகு அடையாளம் நீக்க வேண்டும். கொழும்பு, துபாய் விமானங்களில் தங்கம் பிடிபடும் செய்தி மதுரைக்குப் புதிதல்ல என்பதால் தேவை புரிகிறது. ஆனால் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஜூன் 21 அன்று, சந்தேகத்துக்கு இடமில்லாத பயணியின் இதே வகை விவரத்தை 6 மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நம் 5 ஆண்டு மிக நீளம். ஏஜென்ட் தன் கார்டில் பத்துப் பேருக்குச் சீட்டுப் போட்டால் அந்தப் பத்துப் பேரும் ஒரே கட்டண விவரத்தில் இணைந்து தெரிவார்கள். முடிந்தவரை சொந்தக் கணக்கில் பணம் கட்டுங்கள்.

நிறுத்திவிட்டால்

கவுண்டரோ வாசலோ, பெயர் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தால் பயணம் நிற்கும். லுக் அவுட் நோட்டீஸ் என்று பேப்பரில் வருவது இதுதான். இமிக்ரேஷன் துறை தானாகப் போடுவதில்லை. போலீஸ், அமலாக்கத் துறை, நீதிமன்றம் போன்ற வேறு அமைப்பு கேட்டுப் போடுகிறது. பெயரும் பெற்றோர் பெயரும், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி போன்ற அடையாளங்கள் தர வேண்டும் என்று உள்துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. முத்துக்குமார், கார்த்திகேயன் என்று ஆயிரக்கணக்கானோர் இருக்கும் ஊரில் வெறும் பெயரை வைத்து ஒருவரை நிறுத்துவது அநியாயம். 2021 வழிகாட்டுதலுக்குப் பின், கேட்ட அமைப்பே நீக்கச் சொல்லும் வரை நோட்டீஸ் உயிரோடு இருக்கும். வழக்கு முடிந்து ஆண்டுகள் ஆன பின்னும் பெயர் கிடப்பதற்கு இதுவே காரணம்.

நிறுத்தப்பட்டால் சத்தம் போடாமல், எந்த அமைப்பு கேட்டது என்று கேளுங்கள். தேதி, நேரம், விமான எண், கவுண்டர் எண் குறித்துக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸைத் தொலைக்காதீர்கள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டால் அதற்கு ரசீது கேளுங்கள். பாஸ்போர்ட்டை முடக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கே உண்டு, காவல் துறைக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது. அடுத்து, நோட்டீஸ் கேட்ட அமைப்புக்கு எழுத்தில் மனு, இமிக்ரேஷன் துறைக்கு நகல். பதில் வராவிட்டால் ஒத்தக்கடை பக்கம் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. வெளிநாடு செல்வது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கும் உரிமை என்பதும், நியாயமான நடைமுறை இல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்பதும் 1978-இல் மேனகா காந்தி வழக்கிலேயே முடிவானவை. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுச் சிக்கியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பொதுத்துறை வங்கிகள் லுக் அவுட் நோட்டீஸ் கேட்கும் அதிகாரத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ரத்து செய்திருக்கிறது.

இந்த வாசலுக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. மதுரைப் பக்கத்து உச்சப்பட்டி, ஆனையூர் அகதி முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு கிடைத்தது. அதற்கு மேல் பயண உரிமை எதுவும் அவர்களுக்கு வந்துவிடவில்லை. வேகமான வாசலுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்காவது அவர்களுக்குச் சேர வேண்டும்.

சேர்ந்துவிட்டவர்களுக்குக் கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. பாஸ்போர்ட் புதுப்பித்தால் எண் மாறும், பழைய பதிவு அதோடு போகும். ஒரு வருடத்தில் காலாவதியாகும் பாஸ்போர்ட்டை வைத்து இப்போது பதிவு செய்யாதீர்கள். புதியது கையில் வந்தபின் செய்தால் முழு 5 ஆண்டும் கிடைக்கும். முத்திரை குத்தாத நாடுகளுக்குப் போய்வருகிறவர்கள், வருமான வரிக்கு நாள் கணக்குக் காட்டவும், கூடுதல் நாள் தங்கினாய் என்று யாராவது சொன்னால் மறுக்கவும், போர்டிங் பாஸ்களைத் தேதிவாரியாக ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் மின்னஞ்சலில் அனுப்பும் அனுமதிச் சீட்டையும் அதோடு பிரிண்ட் எடுத்துச் சேர்த்துவிடுங்கள்.